மாட்யூலர் ரவுட்டர்: ரேக்கில் ஏற்றுவது முதல் லைனில் சேர்ப்பது வரை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளை அலுவலகம் ஒன்றுக்குப் புதிதாக சிஸ்கோ 4331 ரவுட்டர் வந்திருக்கிறது. தனிப் பெட்டியில் எட்டு போர்ட் ஸ்விட்ச் கார்டும் வந்திருக்கிறது. தலைமை அலுவலகத்துக்கு 100 எம்பிபிஎஸ் எம்பிஎல்எஸ் லைன் (சேவை நிறுவனம் தன் வலையமைப்பு வழியே அலுவலகங்களை இணைக்கும் தனி லைன்) எடுத்திருக்கிறார்கள். சேவை நிறுவனத்தின் ஆட்கள் ஃபைபரை ஒரு சின்னப் பெட்டியில் முடித்து, அதிலுள்ள ஒரு ஈதர்நெட் போர்ட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கார்டை எப்படி மாட்டுவது, எதை எதோடு இணைப்பது, எல்லாம் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதுவரை வீட்டு வைஃபை ரவுட்டரை மட்டுமே கையாண்டவர் கேட்கிறார்.

நல்ல கேள்வி. பயப்பட வேண்டிய வேலை இல்லை, ஆனால் அவசரப்படவும் கூடாது. எல்லாவற்றையும் செருகி, எல்லாக் கட்டளைகளையும் ஒட்டி, கடைசியில் பவர் போட்டுப் பார்ப்பதுதான் முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் செய்வது. வேலை செய்துவிட்டால் சந்தோஷம். செய்யாவிட்டால் பழுது கார்டிலா, கேபிளிலா, கட்டளையிலா, லைனிலா, தலைமை அலுவலகத்திலா என்று ஐந்து இடத்தில் தேட வேண்டும். ஒரு படி முடிந்து, அது சரி என்று ரவுட்டரே சொன்ன பிறகு அடுத்த படிக்குப் போங்கள். நான் கீழே எழுதுவது முழுக்க அந்த வரிசைதான்.

பெட்டியைப் பிரித்ததும் கார்டு இந்த ரவுட்டருக்கு உரியதுதானா என்று பாருங்கள். மாட்யூலர், அதாவது கார்டு மாட்டிக்கொள்ளும் ரவுட்டர் என்றால் எந்தக் கார்டும் எதிலும் போகும் என்று அர்த்தமில்லை. சிஸ்கோவில் 2004இல் வந்த 1800, 2800, 3800 வரிசைகளில் எச்விக் ரக ஸ்லாட் (கார்டு நுழையும் இடம்), 2009இல் வந்த 1900, 2900, 3900 வரிசைகளில் ஈஎச்விக் ஸ்லாட். பழைய எச்விக் கார்டுகளில் பல, பின்னால் வந்த ஈஎச்விக் ஸ்லாட்டிலும் ஓடின. உங்கள் 4331 சேர்ந்த 4000 வரிசையில் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோனது. இதில் இருப்பது நிம் ஸ்லாட். அளவும் வேறு, உள்ளே இருக்கும் கனெக்டரும் வேறு. பழைய அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த கார்டு என்றால் இங்கே நுழையவே நுழையாது. உங்கள் பெட்டியின் மேல் நிம் இஎஸ்2-8 என்று இருந்தால் சரி. அதே எண்ணோடு கடைசியில் பி என்ற எழுத்து சேர்ந்திருந்தால் அது கேபிள் வழியே மின்சாரம் தரும் ரகம். அதற்கு ரவுட்டரிலும் அதற்கேற்ற பவர் சப்ளை இருக்க வேண்டும். பி இல்லாத கார்டில் கேமராவையோ ஐபி போனையோ செருகிவிட்டு, உயிர் வரவில்லையே என்று தேடக் கூடாது.

அடுத்தது மின்சாரம். ரவுட்டரை எடுத்துவைக்கும் முன்பே ரேக்கில் உள்ள பவர் பாயின்ட்டை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நாங்கள் ஏற்றுக்கொள்வோம். பத்து, இருபது என்று காட்டினால் அங்கே எர்த் சரியில்லை. அந்த இடத்தில் ரவுட்டரை வைக்காமல் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரவுட்டரின் உடலில் எர்த் கம்பி மாட்டத் தனியாக இடம் இருக்கிறது. அதிலிருந்து ரேக்கின் எர்த் பட்டைக்கு ஒரு பச்சைக் கம்பி போக வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் மின்னல் இறங்கி போர்ட்கள் செத்துப்போன ரவுட்டர்களை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றில் அந்த எர்த் திருகு தொடப்படாமலே இருந்தது.

4331 ஒரு யூனிட் உயரம், அதாவது 1.75 அங்குலம். 19 அங்குல ரேக்கில் காதுப் பட்டைகளை மாட்டி ஏற்றிவிடலாம். இருவராகப் பிடித்து மாட்டுங்கள். காற்று நுழையும் பக்கத்தையும் வெளியேறும் பக்கத்தையும் கேபிள் கட்டுகளால் அடைக்காதீர்கள். 40 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் ஏசி இல்லாத சிறிய அறையில், கதவு மூடிய ரேக்குக்குள் மே மாதம் அந்த எல்லை எளிதாகத் தாண்டிவிடும்.

சரி, இப்போது கார்டை மாட்டலாமா? இல்லை. முதலில் கார்டு இல்லாமல் வெறும் ரவுட்டரை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். இது என் பழக்கம், எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. வெறும் பெட்டி சரியாக எழுந்திருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு வரும் சிக்கலுக்குப் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இதற்கு, மடிக்கணினியிலிருந்து ரவுட்டருக்கு நேராகக் கட்டளை கொடுக்கும் கன்சோல் கேபிள் வேண்டும். வெளிர் நீல நிறத்தில் தட்டையாக இருக்குமே, அதுதான். மடிக்கணினியில் பழைய சீரியல் போர்ட் இருக்காது என்பதால் யூஎஸ்பி மாற்றி ஒன்றும் வேண்டும். ரவுட்டரிலேயே மினி யூஎஸ்பி கன்சோலும் உண்டு, அதற்கு டிரைவர் போட வேண்டும். யூஎஸ்பி வழியில் இணைந்திருக்கும்போது மற்ற கன்சோல் போர்ட்டில் நீங்கள் தட்டுவது எடுபடாது. அதனால் இரண்டில் ஒன்றை மட்டும் செருகுங்கள். புட்டி போன்ற ஒரு மென்பொருளில் வேகம் 9600, டேட்டா பிட் 8, பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்று வையுங்கள். திரையில் எழுத்து ஓடுகிறது, ஆனால் நீங்கள் தட்டுவது எதுவும் ஏறவில்லை என்றால் அந்தக் கடைசி அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எழுந்திருக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். நடுவில் பொறுமையிழந்து பவரை அணைக்காதீர்கள். ஆரம்ப அமைப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறீர்களா என்று கேட்கும். ‘நோ’ என்று தட்டுங்கள். பிறகு ‘ஷோ வெர்ஷன்’. மென்பொருளின் பதிப்பையும் ரவுட்டரின் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி வரியில் கான்ஃபிகரேஷன் ரிஜிஸ்டர் என்று ஒரு எண் வரும். அது 2102 என்று முடிய வேண்டும். 2142 என்று முடிந்தால் யாரோ கடவுச்சொல்லை மீட்க மாற்றிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். பழைய சரக்கில் இது சகஜம். அப்படியே ஓடவிட்டால் நீங்கள் சேமித்த எல்லாம், அடுத்தமுறை பவர் போய் வரும்போது படிக்கப்படாமல் வெறும் ரவுட்டராக நிற்கும்.

இப்போது பவரை அணைத்து, கேபிளையும் உருவிவிட்டுக் கார்டுக்கு வாருங்கள். 4000 வரிசையில் கார்டை நிறுத்தக் கட்டளை கொடுத்துவிட்டு, ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாட்ட வழி உண்டு. 2900 வரை இருந்த சின்னக் கார்டுகளில் அது கிடையாது. வழி இருந்தாலும் முதல்முறை அணைத்தே செய்யுங்கள். கிளை இன்னும் இதை நம்பி ஓடவில்லை, அவசரம் ஒன்றும் இல்லை.

மணிக்கட்டில் ஆன்டிஸ்டாட்டிக் பட்டையை மாட்டி, அதன் மறுமுனையை ரவுட்டரின் பெயின்ட் அடிக்காத உலோகத்தில் பிடிக்கவையுங்கள். நிலைமின்சாரம் கையில் சுரீரென்று நமக்குத் தெரிவதற்கே மூவாயிரம் வோல்ட் அளவில் வேண்டும். சில்லுகள் கெட அதைவிட மிகக் குறைவே போதும். அதனால் ஒன்றும் உணரவில்லையே என்பது ஆறுதல் இல்லை. அப்படி அடிபட்ட கார்டு அன்றைக்கே சாகாமல், மூன்று மாதம் கழித்துக் காரணமில்லாமல் தொல்லை கொடுக்கவும் செய்யும்.

ஒன்றாம் நிம் ஸ்லாட்டின் மூடித் தகட்டைக் கழற்றுங்கள். தூக்கிப் போடாதீர்கள், பின்னால் கார்டை எடுக்க நேர்ந்தால் அந்த ஓட்டையை மூடியே ஆக வேண்டும். திறந்து கிடந்தால் காற்று குறுக்கு வழியில் போய் உள்ளே சூடு ஏறும். கார்டை ஓரங்களிலும் முகப்புத் தகட்டிலும் பிடியுங்கள். பச்சைப் பலகையின் மேலோ பின்பக்கக் கனெக்டரிலோ விரல் படக் கூடாது. இரண்டு பக்கமும் உள்ள தடங்களில் உட்காரவைத்து நேராகத் தள்ளுங்கள். கடைசி அரை அங்குலத்தில் ஒரு எதிர்ப்பு தெரியும், அங்கே இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்தினால் உட்கார்ந்துவிடும். முகப்புத் தகடு ரவுட்டரின் உடலோடு ஒட்டி நிற்க வேண்டும். அதன் பிறகுதான் திருகு. இடைவெளி இருக்கும்போதே திருகை முறுக்கி, அதன் பலத்தில் கார்டை உள்ளே இழுக்கிறவர்கள் உண்டு. கார்டு கோணலாகப் போய் கனெக்டரின் ஊசி வளைவது அப்படித்தான். அது வளைந்தால் கார்டு மட்டுமல்ல, ரவுட்டரும் போய்விடும்.

மறுபடி பவர். எழுந்ததும் ‘ஷோ பிளாட்ஃபார்ம்’. கார்டின் வரிசையில் ‘ஓகே’ என்று வர வேண்டும். ‘ஷோ இன்வென்டரி’யில் கார்டின் பெயரும் வரிசை எண்ணும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அணைத்து, கழற்றி, மீண்டும் உட்காரவையுங்கள். அதன் பிறகும் இல்லை என்றால் இரண்டாம் ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் தெரியாவிட்டால், மென்பொருள் பதிப்பு அந்தக் கார்டை ஆதரிக்கிறதா என்று நிறுவனத்தின் ஆவணத்தில் பாருங்கள். கட்டளை எழுதும் வேலைக்கு இன்னும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

போர்ட் எண்களைப் பார்த்தால் முதலில் குழப்பமாக இருக்கும். மூன்று எண்கள் வரும். முதலாவது ஸ்லாட், நடுவில் துணை ஸ்லாட், கடைசியில் போர்ட். எல்லாம் சுழியத்திலிருந்து தொடங்கும். ரவுட்டரோடு பிறந்த போர்ட்கள் 0/0/0, 0/0/1, 0/0/2. ஒன்றாம் நிம் ஸ்லாட்டில் உள்ள உங்கள் கார்டின் எட்டு போர்ட்களும் 0/1/0 முதல் 0/1/7 வரை. இரண்டாம் ஸ்லாட்டில் போட்டால் 0/2 என்று தொடங்கும். பிறந்த மூன்றில் 0/0/1 சாதாரணச் செம்புக் கேபிள் போர்ட். 0/0/2 எஸ்எஃப்பி (ஃபைபருக்கான சிறு செருகு பாகம்) மட்டும். 0/0/0 இரண்டு முகம் கொண்டது, செம்பும் எஸ்எஃப்பியும் உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும்.

இவை தவிர இன்னொரு ஈதர்நெட் போர்ட் கண்ணில் படும். அது வெறுமனே கிகாபிட் ஈதர்நெட் 0. அதில் அலுவலகக் கேபிளைச் செருகிவிடாதீர்கள். அது நிர்வாகத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட போர்ட், தனி ரூட்டிங் அட்டவணையில் (பாக்கெட் எந்த வழியில் போவது என்ற பட்டியலில்) நிற்கிறது. விளக்கு எரியும், ஐபி கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அங்கிருந்து ஒரு பாக்கெட் கூட லைன் பக்கம் போகாது. முதல்முறை 4000 வரிசையைத் தொடுகிறவர்கள் பலர் அரை நாளைத் தொலைப்பது இந்த ஒரு போர்ட்டில்தான்.

இப்போது அலுவலகப் பக்கத்தை முடிப்போம். ஒரே ஸ்விட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிப்பதுதான் விலான். கணினிகளுக்கு விலான் 10, கேமராக்களுக்கு விலான் 20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விலானையும் உருவாக்குங்கள். 0/1/0 போர்ட்டை விலான் 10க்கு அக்சஸ் போர்ட்டாக (ஒரே விலானுக்கு உரிய போர்ட்டாக) கொடுங்கள். பிறகு ‘இன்டர்ஃபேஸ் விலான் 10’ என்று போய் 10.20.10.1, மாஸ்க் 255.255.255.0 கொடுத்து, அதைத் திறக்க ‘நோ ஷட்டௌன்’. ஒரு மடிக்கணினிக்கு 10.20.10.5 கொடுத்து 0/1/0இல் செருகி, அதிலிருந்து 10.20.10.1க்குப் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போடுங்கள். பதில் வந்தால் கார்டு, விலான், ஐபி மூன்றும் சரி. அதன் பிறகு அலுவலகத்தின் பழைய ஸ்விட்சை இணையுங்கள். அந்த ஸ்விட்சில் இரண்டு விலானும் இருந்தால் அந்தப் போர்ட்டை டிரங்க் (பல விலான்களையும் ஒரே கேபிளில் கொண்டுபோகும் போர்ட்) ஆக்க வேண்டும், எதிர்ப்பக்கமும் டிரங்க்காக இருக்க வேண்டும். ஒரு கேபிள் போதும். வேகம் கூடும் என்று நினைத்து இரண்டாவது கேபிளைச் செருக வேண்டாம்.

ஸ்விட்ச் கார்டு எதற்கு என்று கேட்டால் அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஒரே விலானில் ஒரு கணினி இன்னொன்றோடு பேசுவது கார்டுக்குள்ளேயே முடிந்துவிடும், ரவுட்டரின் பாதைக்கு வராது. 4331இன் அடிப்படை வேகம் மொத்தம் 100 எம்பிபிஎஸ், தனி லைசென்ஸ் வாங்கினால் 300. இந்தக் கணக்கில் போவதும் வருவதும் சேர்த்தி. உங்கள் லைன் இரண்டு திசையிலும் 100 என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்பும்போது 200 வேண்டும். அடிப்படை லைசென்ஸோடு அது வராது. வாங்கியவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். லைன் மெதுவாக இருக்கிறது என்று சேவை நிறுவனத்தோடு ஒரு மாதம் வாதாடிவிட்டு, கடைசியில் காரணம் நம் பெட்டியில் இருந்தது என்று தெரிவது மிகுந்த சங்கடம்.

இனி லைன் பக்கம். சேவை நிறுவனத்திடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஐபி என்ன? விலான் டேக் (எந்த விலான் என்று பாக்கெட்டில் ஒட்டும் எண்) உண்டா? அவர்கள் போர்ட்டின் வேகமும் டூப்ளெக்ஸும் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்வது ஃபுல், மாறி மாறிச் செய்வது ஹாஃப்) ஆட்டோவா, நிலையாக வைத்ததா? ஐபி பொதுவாக நான்கு முகவரி கொண்ட துண்டாக வரும். எடுத்துக்காட்டுக்கு 203.0.113.0/30 என்றால் 1 அவர்களுடையது, 2 நம்முடையது, மாஸ்க் 255.255.255.252.

0/0/1இல் கேபிளைச் செருகி, ஐபி கொடுத்து, ‘நோ ஷட்டௌன்’ போடுங்கள். ஸ்விட்ச் போர்ட்களைப் போல ரவுட்டர் போர்ட்கள் தானாகத் திறந்திருக்காது. பிறகு ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்’. ‘அட்மினிஸ்ட்ரேடிவ்லி டௌன்’ என்றால் நீங்கள் திறக்க மறந்துவிட்டீர்கள். ‘டௌன் டௌன்’ என்றால் கேபிளோ எதிர்ப் பெட்டியோ. ‘அப் அப்’ என்றால் 203.0.113.1க்குப் பிங் போடுங்கள். அப் அப் இருந்தும் பதில் இல்லையா? ‘ஷோ ஏஆர்பி’ பாருங்கள், எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்று ரவுட்டர் அறிந்த பட்டியல் அது. எதிர் முகவரிக்கு நேராக ‘இன்கம்ப்ளீட்’ என்று இருந்தால் பெரும்பாலும் விலான் டேக் பிரச்சினை. அவர்கள் டேக் போட்டு அனுப்புகிறார்கள், நாம் வெறுமனே எதிர்பார்க்கிறோம். 300 என்ற டேக் என்றால் 0/0/1.300 என்று ஒரு துணை இன்டர்ஃபேஸ் செய்து, அதில் ‘என்காப்சுலேஷன் டாட்1க்யூ 300’ கொடுத்து, ஐபியை அங்கே மாற்றினால் தீர்ந்துவிடும்.

டூப்ளெக்ஸைப் பற்றி ஏன் கேட்கச் சொன்னேன் என்று விளக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கிளையில் புது ரவுட்டர் வைத்தோம். பிங் அருமையாகப் போனது, ஒன்றுகூட விழவில்லை. ஆனால் ஊழியர்கள் ஒரு கோப்பைத் திறந்தால் டீ குடித்துவிட்டு வந்தாலும் திறந்திருக்காது. லைனைச் சோதித்தார்கள், சரி என்றார்கள். ரவுட்டரை மாற்றினோம், அதேதான். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் ‘ஷோ இன்டர்ஃபேஸ்’ வெளியீட்டை வரி வரியாகப் படித்தபோது ‘லேட் கொலிஷன்’ (தாமதமாக நடந்த மோதல்) எண் ஏறிக்கொண்டே இருப்பது கண்ணில் பட்டது. எதிர்ப் பெட்டியில் வேகத்தை 100, ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நிலையாக வைத்து ஆட்டோவை அணைத்திருந்தார்கள். நம் போர்ட் ஆட்டோவில் இருந்தது. எதிர்ப்பக்கம் பேச்சுவார்த்தைக்கே வராதபோது, நம் போர்ட் சிக்னலைப் பார்த்து 100 என்ற வேகத்தைக் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, அதனால் விதிப்படி ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு பக்கம் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்யும், மறுபக்கம் அதை மோதல் என்று நினைத்து நிறுத்தி நிறுத்தி அனுப்பும். பிங் சின்னப் பாக்கெட், ஒவ்வொன்றாகப் போகிறது, மோதவே மோதாது. கோப்பு என்று வரும்போதுதான் எல்லாம் சிதறும். நம் பக்கத்தில் ‘நோ நெகோஷியேஷன் ஆட்டோ’, ‘ஸ்பீட் 100’, ‘டூப்ளெக்ஸ் ஃபுல்’ என்று மூன்று வரி. அவ்வளவுதான், கிளை ஓடத் தொடங்கியது. இரு பக்கமும் ஆட்டோ, அல்லது இரு பக்கமும் நிலை. ஒன்று இப்படி ஒன்று அப்படி கூடவே கூடாது.

ஃபைபரையே நேராக ரவுட்டரில் இறக்குவதாக இருந்தால் எஸ்எஃப்பியும் கேபிளும் ஒரே ரகமா பாருங்கள். மஞ்சள் உறை சிங்கிள் மோடு, அதற்கு 1310 நானோமீட்டர் எஸ்எஃப்பி. ஆரஞ்சோ கடல்நீலமோ மல்டிமோடு, அதற்கு 850. விளக்கு வரவில்லை என்றால் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கவே கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணை மட்டும் கெடுக்கும்.

எதிர் முகவரி பதில் சொல்லிவிட்டதா? டீஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாத பாக்கெட்டெல்லாம் போகும் வழியை) 203.0.113.1 பக்கம் எழுதுங்கள். இப்போது ரவுட்டரிலிருந்து தலைமை அலுவலகத்தின் சர்வருக்கு, 10.1.1.10 என்று வைப்போம், பிங் போடுகிறீர்கள். பதில் வருகிறது. ஆனால் அதே பிங்கை ஊழியரின் கணினியிலிருந்து போட்டால் வரவில்லை. புதிதாக நிறுவும் கிளைகளில் நான் அதிகம் பார்த்த சிக்கல் இதுதான். ரவுட்டரே பிங் போடும்போது அதன் அனுப்புநர் முகவரி லைன் பக்கத்து 203.0.113.2. அதற்குத் திரும்பும் வழி சேவை நிறுவனத்துக்குத் தெரியும். கணினியின் பாக்கெட் 10.20.10.5 என்ற முகவரியோடு போகிறது. அது சர்வரைப் போய்ச் சேரவும் செய்கிறது. திரும்பிவர வழிதான் யாரும் எழுதவில்லை. போகும் வழியை நாம் எழுதுகிறோம், வரும் வழியை மற்றவர்கள் எழுத வேண்டும். 10.20.10.0/24, 10.20.20.0/24 இரண்டும் இந்தக் கிளைக்கு உரியவை என்று சேவை நிறுவனத்தின் எம்பிஎல்எஸ் அட்டவணையிலும், தலைமை அலுவலக ரவுட்டரிலும், அங்கே ஃபயர்வால் இருந்தால் அதிலும் இருக்க வேண்டும். கணினிக்கு எழுந்து போகாமலே இதைச் சோதிக்கலாம். ‘பிங் 10.1.1.10 சோர்ஸ் விலான் 10’ என்று போடுங்கள். சோர்ஸ் சொல்லாமல் போட்ட பிங் வெற்றி பெற்றதை வைத்து வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லாம் ஓடியதும் பூட்டும் வேலை. பெயர் வைத்து, ‘எனேபிள் சீக்ரெட்’ என்ற நிர்வாகக் கடவுச்சொல் கொடுத்து, 2048 பிட் சாவி உருவாக்கி, தொலைவிலிருந்து மறையாக்கத்தோடு நுழையும் எஸ்எஸ்எச் மட்டும் திறந்து, மறையாக்கம் இல்லாத டெல்நெட்டையும் ரவுட்டருக்குள் இருக்கும் வெப் சர்வரையும் அணைத்துவிடுங்கள். நேரத்தை என்டிபி (வலையமைப்பு வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) வழியே சரிசெய்யுங்கள், நேரம் தவறான லாக் பின்னால் எதற்கும் உதவாது. பிறகு ‘ரைட் மெமரி’. இதைச் செய்யாமல் போனால் இதுவரை எழுதியது அனைத்தும் ரவுட்டரின் தற்காலிக நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

கிளம்பும் முன் ஒரு சோதனை பாக்கி. ஊழியர்களிடம் சொல்லிவிட்டு ரவுட்டரின் பவரை அணைத்துப் போடுங்கள். ஐந்து பத்து நிமிடம் கையை வைக்காமல் காத்திருங்கள். கார்டு தானாக எழுந்து, லைன் தானாகச் சேர்ந்து, ஊழியரின் கணினியிலிருந்து 10.1.1.10 பதில் சொல்கிறதா பாருங்கள். சொன்னால், முழு அமைப்பையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, இரண்டு கேபிளுக்கும் இரு முனையிலும் லேபிள் ஒட்டி, சேவை நிறுவனத்தின் சர்க்யூட் எண்ணையும் புகார் எண்ணையும் ரேக்கின் கதவு உட்பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.